கோல்டு ஃபிஷ் தவிக்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மருந்துக் குப்பியைத் திறப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். தொல்லை தொட்டியில் உள்ள எல்லா மீனுக்குமா, ஒன்றுக்கு மட்டுமா? சில மணி நேரத்தில் வந்ததா, நாலைந்து நாளாக மெல்ல முற்றியதா?

எல்லா மீனும் ஒரே நேரத்தில் தவித்தால் கோளாறு தண்ணீரில். மணிக்கணக்கில் வந்தது என்றால் குளோரின், ஆக்சிஜன் குறைவு, சூடு, விஷப் புகை ஆகியவற்றில் ஒன்று. நாட்கணக்கில் வந்தது என்றால் அமோனியா, நைட்ரைட் (இரண்டும் மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நச்சு) அல்லது ஒட்டுண்ணி. ஒரே ஒரு மீன் மட்டும் சோர்ந்து மற்றவை துள்ளிக்கொண்டிருந்தால்தான் அந்த மீனின் குடல், காயம், சிறுநீரகம் என்று யோசிக்க வேண்டும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் கடைக்குப் போனால் ஒரு நீல மருந்தும் ஒரு மஞ்சள் கேப்சூலும் கையில் கிடைக்கும். இரண்டும் ஃபில்டரில் இருந்துகொண்டு அந்தக் கழிவு நச்சை மாற்றும் நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கக்கூடியவை. அப்புறம் பழைய கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

கையில் இருக்க வேண்டியவை

அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) நான்கையும் பார்க்கும் சொட்டு வகை டெஸ்ட் கிட் வேண்டும். பட்டை வகை மலிவு, ஆனால் பெரும்பாலான பட்டைகளில் அமோனியா இருக்காது, முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். அதோடு ஒரு தெர்மாமீட்டர், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, சோப்பு படாத 20 லிட்டர் வெள்ளை டப், கல் உப்பு, ஆன்டி குளோரின், உபரியாக ஒரு ஏர் பம்ப்.

தொட்டியின் கொள்ளளவு தெரியாமல் எந்த மருந்தையும் அளக்க முடியாது. நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 2×1×1 அடித் தொட்டி 56 லிட்டர். மேலே விட்ட இடைவெளி, அடியில் போட்ட கல் இரண்டையும் கழித்தால் உண்மையில் 48 முதல் 50 தான். 3×1.5×1.5 அடித் தொட்டி 191 லிட்டர், கழிவு போக 165 என்று வைத்துக்கொள்ளலாம். ஒராண்டா, ரியூகின் மாதிரி உருண்டை மீன் ஒன்றுக்கு 40 லிட்டருக்குக் குறைந்தால் கீழே வரும் வைத்தியம் எதுவும் நிலைக்காது. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அதிலிருந்து மீனை எடுத்துவிடுவதுதான் வைத்தியம்.

வர வேண்டிய அளவுகள்: அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பி.பி.எம்.க்குக் (லிட்டருக்கு 40 மி.கி.) கீழ், பி.எச். 7 முதல் 8.4 வரை எங்கு இருந்தாலும் ஒரே இடத்தில் நிலையாக. வெப்பம் 18 முதல் 24 டிகிரி வரை நல்லது. நம் ஊரில் கோடையில் அது கிடைக்காது, 30 வரை மீன் தாங்கும், ஆனால் காற்றோட்டம் இரட்டிப்பாக வேண்டும்.

மேலே வந்து வாயைப் பிளந்து காற்று குடிக்கிறது

நேரத்தைக் கவனியுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தவித்து, விளக்குப் போட்ட பிறகு பத்து மணிக்குள் சரியாகிவிட்டால் ஆக்சிஜன் குறைவு. செடியும் பச்சைப் பாசியும் பகலில் ஆக்சிஜன் கொடுக்கும், இரவில் மீனோடு போட்டி போட்டுக்கொண்டு அதை எடுக்கும். நாள் முழுக்கத் தவித்தால் அமோனியா, நைட்ரைட் அல்லது செவுளில் புழு.

20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனின் தேவையோ ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் மீன் மேலே வருவது இதனால்தான். செய்ய வேண்டியது: ஏர் பம்ப் காற்றைச் சிறு குமிழிகளாக்கும் ஏர் ஸ்டோனை உடனே போடுங்கள், ஃபில்டரின் நீர் விழும் வாயை மேல்மட்டத்துக்கு உயர்த்தித் தண்ணீர் கலங்கி விழும்படி வையுங்கள், மூடியைத் திறந்து மேலே சிறு ஃபேன் ஒன்றை ஓட விடுங்கள். ஆவியாதல் ஒன்றே இரண்டு மூன்று டிகிரியைக் குறைக்கும். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பாட்டிலை மிதக்கவிட்டால் சூடு மெதுவாக இறங்கும்.

மின்வெட்டுக்குப் பிறகு தவிப்பு வந்தால் ஃபில்டரையும் சந்தேகப்பட வேண்டும். மூடிய டப்பாவுக்குள் இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றாலே உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கேனிஸ்டரில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் ஸ்பாஞ்சை அலசி, பிறகு ஓட விடுங்கள். பவர் பேங்கில் ஓடும் யு.எஸ்.பி. ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் இந்தக் கவலை பாதியாகும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் இந்த விஷயத்தில் அதற்கே என் ஓட்டு.

எல்லா அளவும் சரியாக இருந்தும் எல்லா மீனும் திடீரென்று தறிகெட்டு ஓடி, துடித்து, சாய்கிறதா? அறையில் கொசு மருந்து அடித்தார்களா, புது லிக்விட் மாட்டினார்களா என்று கேளுங்கள். அவற்றில் உள்ள பைரத்ராய்டு வகை மருந்துகள் மனிதனுக்குச் சிறு அளவில் தொல்லை தராது, மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புகிறது. பம்ப்பை வேறு அறையில் வைத்து டியூபை நீட்டிவிடுங்கள், பாதித் தண்ணீரை மாற்றுங்கள், ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

தண்ணீர் மாற்றினேன், அதன் பிறகுதான் செத்தது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். “சுத்தமான தண்ணீர்தானே ஊற்றினேன்” என்பார்கள். நான்கு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வேறு.

முதலாவது குளோரின். ஊற்றிய சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணிக்குள் மீன் வெளிறி, செவுளை வேகமாக அடித்து, மேல்மட்டத்துக்கு வரும். குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் அளவு நாளுக்கு நாள் மாறும். மழைக்காலத்தில் கூடுதலாகவே போடுவார்கள். மாடி டேங்க்கைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய வாரத்தில் கேட்கவே வேண்டாம். ஆன்டி குளோரின் என்று விற்பது சோடியம் தயோசல்ஃபேட். படிகமாக வாங்கினால் 10 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டருக்கு 1 மி.லி. என்று டப்பிலேயே கலக்குங்கள், தொட்டியில் அல்ல. சற்றுக் கூடினால் கெடுதி இல்லை. மீன் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்தால் தொட்டி முழுவதற்கும் கணக்குப் போட்டு உடனே ஊற்றுங்கள்.

இரண்டாவது போர் தண்ணீர். அதில் குளோரின் இல்லை என்ற தைரியத்தில் மோட்டாரிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றுவார்கள். நிலத்தடியிலிருந்து வந்த உடனே அதில் ஆக்சிஜன் மிகக் குறைவு, கார்பன் டை ஆக்சைடு மிக அதிகம். 24 மணி நேரம் டப்பில் ஏர் ஸ்டோன் போட்டு வைத்த பிறகு அதே தண்ணீர் நல்ல தண்ணீர். அதன் பி.எச்.சையும் ஆறிய பிறகே அளக்க வேண்டும், பிடித்த உடனே அளந்தால் குறைவாகக் காட்டும்.

மூன்றாவது சூடு. மே மாதப் பிற்பகலில் மொட்டை மாடி டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள், புரியும். தண்ணீர் மாற்றுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 2 டிகிரிக்குள் இருக்கட்டும்.

நான்காவதுதான் பலருக்கும் பிடிபடாதது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டி. ஆவியானதற்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், மீன் நன்றாகவே இருந்தது. ஒரு நாள் விருந்தாளி வருகிறார் என்று பாதித் தண்ணீரை மாற்றினார்கள், மறுநாள் எல்லாம் மிதந்தது. நடந்தது இது: ஃபில்டர் பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது தண்ணீரில் பி.எச்.சை இறங்க விடாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டைத் தின்றுகொண்டே போகும். அது தீர்ந்ததும் பி.எச். 6.5க்குக் கீழே சரியும், பாக்டீரியாவும் மந்தமாகும். அமோனியா சேர ஆரம்பிக்கும், ஆனால் அமிலத் தண்ணீரில் அது அமோனியம் என்ற அதிகம் கடிக்காத வடிவில் இருப்பதால் மீன் காட்டிக்கொள்ளாது. அதில் பி.எச். 8 உள்ள போர் தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றினால் அமோனியம் அமோனியாவாக மாறிவிடும். பி.எச். ஓர் எண் ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. 30 டிகிரியில், பி.எச். 7ல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழ், 8ல் ஏழு சதவீதத்தைத் தாண்டும்.

அதனால் பழைய தொட்டியில் கை வைக்கும் முன் தொட்டித் தண்ணீர், புதுத் தண்ணீர் இரண்டின் பி.எச்.சையும் அளங்கள். வித்தியாசம் 0.5க்கு மேல் என்றால் தினம் 10 சதவீதம் மட்டும், ஒரு வாரம், பத்து நாள். வித்தியாசம் மறைந்த பிறகு வாரம் 30 முதல் 40 சதவீதம் என்ற வழக்கத்துக்கு வாருங்கள். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இந்தச் சரிவு இன்னும் சீக்கிரம் வரும், அதில் கார்பனேட்டே இல்லையே. குடிக்க நல்லது என்பதால் மீனுக்கும் நல்லது என்று நினைத்துக் காசு கொடுத்து ஊற்றுகிறார்கள். ஆர்.ஓ.வை விட்டால் வேறு வழியே இல்லை என்றால், ஒரு கைப்பிடி கழுவிய கிளிஞ்சல் ஓட்டை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். பி.எச். டவுன், பி.எச். அப் திரவங்களை வாங்காதீர்கள். மீனைக் கொல்வது எண் அல்ல, எண் தாவுவது.

புதுத் தொட்டி, பத்தாம் நாள், மீன் அடியில் படுத்திருக்கிறது

துடுப்பு மடங்கியிருக்கும், வாலில் சிவப்பு நரம்பு தெரியும், சாப்பாட்டில் ஆர்வம் இருக்காது. டெஸ்ட் கிட்டில் அமோனியா 1 அல்லது 2 காட்டும். ஃபில்டரில் பாக்டீரியா குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும், அதற்குள் மீன் வந்துவிட்டது என்பதே கோளாறு. முதலில் அமோனியா ஏறும், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அது இறங்கி நைட்ரைட் ஏறும். நைட்ரைட் இரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்வதால் செவுள் சிவப்பு மாறிப் பழுப்பாகத் தெரியும்.

தினமும் அளங்கள். அமோனியாவோ நைட்ரைட்டோ 0.5ஐத் தொட்டால் அன்றே பாதித் தண்ணீர் மாற்றுங்கள். சாப்பாடு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை. கோல்டு ஃபிஷ் ஒரு வாரம் பட்டினி கிடந்தும் சாகாது, அமோனியாவில் இரண்டே நாளில் செத்துவிடும். நைட்ரைட் தெரிந்தால் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு போடுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே நுழைவதைத் தடுக்கும். மீன் வளர்க்கும் நண்பர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அவருடைய ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு டம்ளர் வாங்கி உங்கள் ஃபில்டர் மேல் ஊற்றுங்கள். பாட்டில் பாக்டீரியாவைவிட அது நம்பகமானது. ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவுகிறவர்கள் ஒவ்வொரு மாதமும் தங்கள் தொட்டியைப் புதுத் தொட்டி ஆக்கிக்கொள்கிறார்கள்.

வெள்ளைப் புள்ளி

முதலில் இது நோய்தானா என்று பாருங்கள். செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும் வரிசையாகப் புள்ளி இருந்தால் அது ஆண் மீன் இனப்பெருக்கத்துக்குத் தயார் என்பதற்கான அடையாளம், மருந்து வேண்டாம். ஒராண்டாவின் தலைச் சதை வளரும்போதும் வெள்ளை மொட்டு தெரியும்.

உடம்பு, வால் என்று எங்கும் ரவை தூவினாற்போல் இருந்து, மீன் உரசிக்கொண்டும் இருந்தால் இக் எனப்படும் வெண்புள்ளி நோய். மீன் மேல் தெரியும் புள்ளியை எந்த மருந்தும் தொடாது. ஒட்டுண்ணி தோலுக்கு உள்ளே இருக்கிறது. அது கழன்று, அடியில் விழுந்து, நூற்றுக்கணக்கில் பிரிந்து, நீந்தி மீனைத் தேடும் நிலையில்தான் சாகும். 27, 28 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் வாரக்கணக்கில் இழுக்கும்.

கல் உப்பு போதும். மொத்தம் லிட்டருக்கு 3 கிராம், அதாவது 50 லிட்டருக்கு 150 கிராம். மூன்று பங்காக்கி, 12 மணி நேரத்துக்கு ஒரு பங்கு, டம்ளரில் கரைத்து ஊற்றுங்கள். அடியில் உள்ள கல்லைத் தினமும் சைஃபன் குழாயால் உறிஞ்சுங்கள், பிரிந்துகொண்டிருக்கும் ஒட்டுண்ணி அங்கேதான் இருக்கும். எடுத்த தண்ணீருக்கு மட்டும் உப்பைத் திரும்பச் சேருங்கள். ஆவியானதற்கு ஊற்றும் தண்ணீரில் உப்பு வேண்டாம், உப்பு ஆவியாகாது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் 7 நாள் தொடருங்கள். மூன்றாம் நாள் புள்ளி போய்விட்டது என்று நிறுத்துகிறவர்கள் அடுத்த வாரம் இரட்டிப்பாகப் பார்ப்பார்கள். செடிகள் கருகும், அவற்றை வேறு டப்புக்கு மாற்றிவிடுங்கள்.

உரசுகிறது, புள்ளி இல்லை

அமோனியா, குளோரின் இல்லை என்று உறுதியானதும் மீனை வெள்ளை டப்பில் விட்டுப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள்.

ஒரு சென்டிமீட்டர் அளவில் நூல் தொங்கி, அதன் அடியில் சிவந்திருந்தால் நங்கூரப் புழு. ஈரத் துணியில் மீனைப் பிடித்து, தோலை ஒட்டிய இடத்தில் ட்வீசரால் பற்றி மெதுவாக இழுக்க வேண்டும். பாதியில் அறுந்தால் தலை உள்ளே தங்கும். காயத்தில் போவிடோன் அயோடினைப் பட்ஸால் தொட்டு வையுங்கள், செவுளில் படக் கூடாது. வெளியே தெரிவது முட்டை சுமக்கும் பெண் புழு, குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும். அதனால் மூன்று வாரம் தினமும் தேடுங்கள்.

தட்டையாக, வட்டமாக, இரண்டு கரும்புள்ளிக் கண்ணோடு நகர்ந்தால் மீன் பேன். இது கண்ணாடியில் வரிசையாக முட்டை வைக்கும், பிளேடால் சுரண்டி எடுங்கள். இரண்டுக்கும் டைஃப்ளூபென்சுரான் மருந்து கேட்கும், அட்டையில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். தொட்டியில் இறால் இருந்தால் அதுவும் செத்துவிடும்.

கண்ணுக்கு எதுவும் தெரியாமல், உடம்பில் சளிப் படலமும் ஒரு பக்கச் செவுள் மூடியபடியும் இருந்தால் செவுள் புழு. பிராசிகுவான்டல் லிட்டருக்கு 2.5 மி.கி. போட்டு, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை போடுங்கள். முதல் முறை முட்டைகள் தப்பிவிடும்.

தலைகீழாக மிதக்கிறது

உருண்டை மீன்களில் மட்டும் அடிக்கடி. குறுகிய உடம்புக்குள் குடலும் காற்றுப்பையும் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. கோல்டு ஃபிஷுக்கு இரைப்பை கிடையாது, காற்றுப்பையோ உணவுக் குழாயோடு இணைந்தது. மிதக்கும் தீனியை மேலே வந்து விழுங்கும்போது காற்றும் உள்ளே போகிறது.

சாப்பிட்ட பிறகு மட்டும் மிதந்தால்: இரண்டு மூன்று நாள் பட்டினி. பிறகு பச்சைப் பட்டாணியை வேக வைத்து, தோலுரித்து, நசுக்கி, மீன் ஒன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. அதன் பின் மூழ்கும் குருணைத் தீனிக்கு மாறுங்கள், தொட்டித் தண்ணீரில் ஒரு நிமிடம் ஊறவைத்து, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு மட்டும். எந்நேரமும் மிதந்தால் அது தீனியால் வந்தது அல்ல, பல நேரம் பழைய நிலைக்கு வராது. முதுகு தண்ணீருக்கு வெளியே காய்ந்து புண்ணாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்தபடியே சாப்பிட்டு நெடுநாள் வாழ்கிற மீன்களும் உண்டு. காமெட், ஷுபன்கின் போன்ற நீள உடம்பு மீன் இப்படி மிதந்தால் உள்ளே தொற்று என்று சந்தேகப்படுங்கள்.

வால் கரைகிறது, வாயில் பஞ்சு

விளிம்பு வெண்மையாகி நாளுக்கு நாள் குட்டையானால் வால் அழுகல். முதல் மருந்து தண்ணீர்: ஒரு வாரம் தினமும் 30 சதவீதம் மாற்றி, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் உப்பு. புது வால் கண்ணாடி போல் நிறமற்று வளரும், அது நல்ல அறிகுறி.

வாயிலும் முதுகிலும் பஞ்சு படர்ந்து ஒரே நாளில் பெருகினால் அது பூஞ்சை அல்ல, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. சூட்டில் வேகம் எடுக்கும், ஹீட்டர் போடவே கூடாது. அந்த மீனைத் தனி டப்புக்கு மாற்றி, மீன் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். மஞ்சள் கேப்சூல் என்று கொடுக்கும் டெட்ராசைக்ளின், கடினத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து செயலிழந்துவிடும். நம் போர் தண்ணீரில் அது தண்ணீருக்குச் சாயம் ஏற்றும், அவ்வளவுதான்.

செதில் சிலிர்த்து, வயிறு ஊதி

மேலிருந்து பார்த்தால் செதில்கள் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிறுநீரகம் வேலை செய்யாமல் உடம்பில் நீர் கோத்துக்கொண்ட நிலை. பெரும்பாலும் பிழைக்காது. தனி டப்பில் விட்டு, மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் கலந்த தீனியை அது சாப்பிடும் வரை முயலலாம். வயிறு மட்டும் ஊதி, செதில் படிந்தே இருந்தால் பெண் மீனின் முட்டையாகவும் இருக்கலாம், அவசரப்படாதீர்கள்.

தண்ணீர் கலங்கல்

வெள்ளைக் கலங்கல்: மிஞ்சிய தீனியில் பெருகிய பாக்டீரியா. தீனியைக் குறைத்தால் ஒரு வாரத்தில் தெளியும். பச்சை: வெளிச்சமும் நைட்ரேட்டும் அதிகம். ஜன்னல் பக்கக் கண்ணாடியை மறையுங்கள், விளக்கை 6 மணி நேரத்துக்குக் குறையுங்கள். பச்சைத் தண்ணீர் மீனுக்குக் கெடுதி இல்லை, அதில் நிறம் இன்னும் நன்றாகவே ஏறும். இரவில் ஏர் பம்ப் மட்டும் நிற்கக் கூடாது.

நிறம் மாறுகிறது

ஆரஞ்சு மீனில் திடீரென்று கறுப்புத் திட்டு வந்தால் பெரும்பாலும் அமோனியா சுட்ட இடம் ஆறுகிறது என்று பொருள். இப்போது அளந்தால் 0 காட்டலாம், இரண்டு வாரம் முன்பு என்ன நடந்தது என்று யோசியுங்கள். பிளாக் மூர் என்ற கறுப்பு வகை வயதாக ஆக வெண்கல நிறத்துக்கு வருவதும், ஆரஞ்சு மீன் வெளுப்பதும் பிறவிக் குணம். சாப்பிடுகிறது, துடுப்பு விரிந்திருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள்.